செவலையின் வெள்ளைக் கால்கள்

எங்கள் நாய் செவலைக்கு உடம்பு முழுக்க செம்மண் நிறம், நான்கு பாதம் மட்டும் வெள்ளை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே பிறந்து, ஒரு மழை நாளில் படியேறி வந்து உட்கார்ந்துகொண்டவள். போன சித்திரையில் அந்த வெள்ளை, துருப்பிடித்த மாதிரி பழுப்பாகியிருந்தது. மண் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை. நாயின் எச்சிலில் போர்ஃபைரின் என்றொரு நிறமி உண்டு, ஓயாமல் நக்கினால் வெள்ளை முடி சிவந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியென்றால் நான் கவனிப்பதற்குப் பல நாள் முன்பிருந்தே நக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றபோதுதான் அந்தச் சத்தமே காதில் விழுந்தது, சளக் சளக் என்று.

"நாய்னா நக்காம இன்னா பண்ணும்?" என்றாள் அம்மா.

முதலில் வெயிலைச் சந்தேகப்பட்டேன். வேலூர்க்காரன் வேறு எதைச் சந்தேகப்படுவான்? தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். அதனால் நடைப்பயிற்சியை விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினேன். நக்கல் நிற்கவில்லை, வீட்டில் எனக்கு விழுந்த நக்கலும்தான். வேப்பிலை, மஞ்சள் போட்ட தண்ணீரில் கழுவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், ருசியாக இருந்ததோ என்னவோ, இரண்டு மடங்கு நக்கினாள். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான அரிப்புக் களிம்பைக் கொடுத்தார்கள். பூசினால் அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும் என்று அந்தமட்டுக்கும் உறைத்தது, பூசவில்லை.

பிறகு ஒரு கிளினிக். இரண்டு நிமிடம், ஒரு ஊசி. பத்து நாள் ஒன்றுமே நடக்காதது போல இருந்தாள், பதினோராம் நாள் பழைய கதை. மறுபடியும் ஊசி, மறுபடியும் பத்து நாள். மூன்றாம் தடவை என்ன மருந்து என்று கேட்டேன், ஸ்டீராய்டு என்றார்கள். அரிப்பு முற்றியபோது அது தேவைப்படும்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. விரலை விரித்து யாரும் பார்க்கவே இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

அடுத்துப் போன டாக்டரம்மா நாயைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். ஒரு காலா, நாலு காலா? ஒரே காலென்றால் முள், நகம் உடைந்தது, மூட்டு வலி என்று தேட வேண்டுமாம். நாலும் என்றால் பெரும்பாலும் அலர்ஜி. காதைச் சொறிகிறாளா? வயிறு சிவக்கிறதா? வருஷம் பூராவா, சில மாதம் மட்டுமா? தரை துடைக்க என்ன போடுகிறீர்கள்? தனியாக விடும்போது மட்டும் நக்குகிறாளா? பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

விரல்களை விரித்தபோது உள்ளே சிவந்து, பழுப்பாகப் பிசுபிசுத்து, புளித்த மோர் வாடை அடித்தது. செல்லோ டேப்பை அங்கே ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். குட்டிக் குட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மாதிரி ஏகப்பட்டது. மலசீசியா என்கிற ஈஸ்ட், ஒருவகைப் பூஞ்சை. நாய்க்குப் பாதத்திலும் வியர்க்கும், அதோடு எச்சில் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அது பெருகினால் அரிக்கும், அரித்தால் நக்குவாள், நக்கினால் இன்னும் ஈரம். "இது விருந்தாளிம்பா. கதவத் தொறந்துவிட்டது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றார்.

விருந்தாளிக்கு குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. போட்டதும் கழுவக்கூடாது, பத்து நிமிடம் ஊற வேண்டும், அதற்குள் நக்கவும் விடக்கூடாது. அந்தப் பத்து நிமிடம் மாடியில் அவளை இழுத்துக்கொண்டு வட்டமடித்தேன். அப்புறம் விரலிடுக்கெல்லாம் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். கழுத்தில் ஸ்பீக்கர் கூம்பு மாதிரி ஒன்று மாட்டியதில் வீட்டுக் கதவு அத்தனையிலும் இடித்தாள்.

கதவைத் திறந்தவனைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. சாப்பாட்டு அலர்ஜியை ரத்தப் பரிசோதனை சொல்வதை நம்ப முடியாதாம். இதுவரை தின்னாத ஒரு கறி, ஒரு மாவுப்பண்டம், அதை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. செவலை அதுவரை தின்றது கோழிக்கடைக் கழுத்தும் காலும், குருணைச் சோறு, தயிர், டீக்கடைப் பொறை. அம்மாவுக்குக் கவிச்சி ஆகாததால் எங்கள் வீட்டில் மீன் கிடையாது, அதுவே வசதியாகப் போயிற்று. அவித்த ஜிலேபி கெண்டையும் சக்கரவள்ளிக் கிழங்கும். முள் எடுக்கவே தினம் அரை மணி நேரம். உண்ணி மருந்தைக்கூட மாத்திரையாக இல்லாமல் கழுத்தில் விடுகிற சொட்டாகக் கொடுத்தார், மென்று தின்னும் மாத்திரையில் கறி வாசனை சேர்ப்பார்களாம், சோதனை கெட்டுவிடும்.

மூன்றாம் வாரம் திடீரென்று நக்கினாள். விசாரித்தால் டீக்கடைக்காரர், "ரெண்டே ரெண்டு பொறதாங்க, மூஞ்சப் பாக்க பாவமா கீது" என்கிறார். மறுநாள் "எதுவும் கொடுக்காதீங்க" என்று அட்டையில் எழுதி அவள் கழுத்தில் கட்டினேன். தெருவே சிரித்தது, ஆனால் வேலை செய்தது.

ஆறாம் வாரத்துக்கு மேல் முடியின் வேரில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. 8 வாரம் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னபடி வேண்டுமென்றே அவித்த கோழியைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி, சளக் சளக். கோழியை நிறுத்தியதும் ஒரு வாரத்தில் அடங்கியது. ஆனால் ஐப்பசி மழையில் கோழியே இல்லாமலும் கொஞ்சம் நக்கினாள். தூசிப் பூச்சியோ பூஞ்சணமோ இருக்கலாம், சில நாய்க்கு இரண்டு அலர்ஜியும் சேர்ந்தே இருக்கும் என்றார். ஈரமான காலைத் துடைத்துவிட்டுத்தான் இப்போது உள்ளே விடுகிறோம்.

மீனும் கிழங்கும் சோதனைக்குத்தான், காலம் முழுக்க அதையே கொடுத்தால் சத்துக் குறையும் என்பதால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றுக்கு இரண்டு வாரம். குருணை தேறிவிட்டது. தயிரில் பத்து நாள் ஆகிறது. அடுத்தது முட்டை. அம்மா இப்போதே வாங்கி வைத்துவிட்டாள், தினமும் கேட்கிறாள்: "இன்னிக்காவது குடுக்கலாமாடா?"