பெரும்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு: இரண்டு குழந்தைகளோடு வீடு தேடிய கதை

2024 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு கிரெச்சிலிருந்து போன். "மேடம், உங்க பையன் மட்டும்தான் இருக்கான். ஆயா கிளம்பணும்." நான் அப்போது துரைப்பாக்கம் சிக்னலில் கேப்பில் உட்கார்ந்திருந்தேன். ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரம் அடித்துச் சாலையைப் பாதியாக்கியிருந்தார்கள். வீடு போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம். என் ஆபீஸ் கிரீம்ஸ் ரோட்டில், கணவருக்குப் பாரிமுனையில், வீடு சென்னைப் புறநகரில், பெரும்பாக்கத்தில். ஆளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் ரோட்டிலேயே போயிற்று.

எங்கள் அப்பார்ட்மென்டில் நீச்சல் குளம், சறுக்கு மரம், புல்தரை எல்லாம் உண்டு. அங்கே மூன்றரை வயதுப் பெரியவளும் ஒன்றேகால் வயதுச் சின்னவனும் விளையாடி நாங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்று ராத்திரியே முடிவு செய்தோம், சிட்டிக்குள் போய்விடுவது என்று. "குழந்தை பொறந்தா எல்லாரும் வெளியே போவாங்க, நீங்க உள்ளே வர்றீங்களா?" என்று என் அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

வாடகைக்கு மேல்வரம்பு 25,000. முதலில் எழுதிய பட்டியலில் மூன்று இடங்கள்: மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், புரசைவாக்கம். திருவல்லிக்கேணி அதில் இல்லவே இல்லை. மேன்ஷன், பேச்சிலர், கூட்டம், மாடு என்பதுதான் அந்த ஊரைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம்.

மயிலாப்பூர்மேல் எனக்கு ஆசை அதிகம். நாகேஸ்வரராவ் பூங்கா ஒன்றே போதும். பெரிய மரங்கள், நிழல், நடப்பதற்குப் பாதை. பெரியவள் ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். ஆனால் லஸ், மாட வீதிப் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி. திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கப் போகின்றன, அதனால் அங்கே தோண்டுவது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. முடிந்த பிறகு அருமையாக இருக்கும், அதற்குள் என் பையன் பள்ளிக்கூடமே போய்விடுவான். வாடகையும் நாங்கள் பார்த்த இரண்டு பெட்ரூம் வீடுகளில் 30,000க்குக் கீழே வரவில்லை. இன்னொன்று, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே "நீங்க நான்வெஜ்ஜா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நாங்கள் சாப்பிடுவோம். அந்தக் கேள்வியிலேயே மூன்று வீடு போயிற்று.

மேற்கு மாம்பலத்தில் புரோக்கர் ஒரு தரைத்தள வீட்டைக் காட்டினார். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவர், வாசனை இன்னும் போகவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. வெளியே வந்து, தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "அந்த வீடாம்மா? போன மாசம் மழைக்கு என் வண்டிச் சக்கரம் முழுகிப்போச்சு" என்று கையால் அளவு காட்டினார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையைச் சொல்கிறார். திரும்பி உள்ளே போய் ஸ்விட்ச் போர்டுகளைப் பார்த்தேன். பெயின்ட் புதுசு, ஆனால் கீழ் பிளக் பாயிண்டின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இஸ்திரி வண்டி எங்கே என்று பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. யார் வீட்டில் தண்ணீர் வராது, யார் ஓனர் வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுவார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிற புரோக்கர் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார்.

புரசைவாக்கத்தில் ஏறக்குறைய முடித்தேவிட்டோம். கடைத்தெரு பக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஆட்டோ தூரம். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும், அதனால் அது எனக்குப் பெரிய விஷயம். இரண்டாவது மாடி, காற்றோட்டமான வீடு. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில்தான் கண் போயிற்று. கணவர் பையில் இருந்த வட்ட டிபன் பாக்ஸை எடுத்து நுழைத்துப் பார்த்தார். உள்ளே போய் வெளியே வந்தது. நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று படித்திருந்தோம். வலை அடித்துக்கொள்ளலாம் என்று ஓனரிடம் கேட்டால், "கம்பியில ஓட்டை போடக் கூடாது." சரி, கயிற்றில் கட்டிக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டோம். அப்புறம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். பணம் புரட்ட நான்கு நாள் ஆனது. அதற்குள் வேறு யாரோ டோக்கன் கொடுத்துவிட்டார்கள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திருவல்லிக்கேணி தற்செயல். மார்ச் மாதம் ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார், பார்த்தசாரதியைப் பார்க்க வேண்டும் என்றார். சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனோம். பெரிய தெருவில் இருபது அடிகூடத் தள்ள முடியவில்லை. நடைபாதை என்று ஒன்று இருந்த இடத்தில் பைக், அதற்கப்பால் ஒரு மாடு, மாட்டுக்கு முன்னால் யாரோ போட்ட அகத்திக்கீரைக் கட்டு. வண்டியை மடக்கிக் கணவர் தோளில் மாட்டிக்கொண்டார், பையனை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பெரியவள் மட்டும் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கோயில் முடிந்து திரும்பும்போது ஒரு கிரில் கேட்டில் கம்பியால் கட்டிய டு-லெட் அட்டை. புரோக்கர் நம்பர் இல்லை, "உள்ளே விசாரிக்கவும்" என்று மட்டும் இருந்தது.

முதல் மாடி. கீழே ஓனர் மாமி. பழைய வீடு, உயரமான கூரை, பின்கட்டில் இரும்புக் கிராதி போட்டு மூடிய கிணறு. அத்தை நேராகக் கிணற்றடிக்குப் போய் கிராதியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துத் துப்பினார். "உப்பு." மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "போர் தண்ணி அப்படித்தான்மா, பாத்ரூமுக்கு மட்டும். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் சம்புல வரும், சமையலுக்குத் தனி லைன்" என்றார். நான் பையில் துண்டு சோப்பு வைத்திருந்தேன், அதற்குள் அந்த அளவுக்கு அனுபவம் வந்திருந்தது. போர் தண்ணீரில் நுரை சரியாக வரவில்லை, சமையலறைக் குழாயில் வந்தது. நான்வெஜ் பற்றிக் கேட்டேன். "சமைங்கோ, வாசல்ல மட்டும் மீன் கழுவாதீங்கோ."

நடந்து பார்க்காமல் முடிவு செய்வதில்லை என்று அதற்குள் ஒரு விதி வைத்திருந்தோம். ஒரு வேலை நாளில் லீவு போட்டுக் காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவுக்கு வந்தோம், இரண்டு குழந்தைகளோடும். பள்ளிக்கூட நேரத்தில் தெரு எப்படி இருக்கிறது, பெரியவள் கையை விடாமல் எவ்வளவு தூரம் நடப்பாள் என்று பார்க்கத்தான். எட்டே முக்காலுக்கு ஆட்டோக்கள் நெருக்கியடித்தன, பயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிகள் வேகமாகப் போக முடியாத தெரு அது. ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டில் அவளைக் கீழே இறக்கியே விட்டதில்லை, இங்கே நடக்க விட்டேன். வீட்டிலிருந்து அரசினர் தோட்டம் மெட்ரோ கால் மணி நடை. அங்கிருந்து கணவருக்கு உயர் நீதிமன்றம் ஒரு பக்கம் இரண்டாவது ஸ்டேஷன், எனக்கு ஆயிரம் விளக்கு மறுபக்கம் இரண்டாவது ஸ்டேஷன். இதைக் கண்டுபிடித்தபோது பிளாட்பாரத்திலேயே சிரித்துவிட்டோம்.

திரும்ப மாலை ஆறு மணிக்கு வந்தோம். கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான், எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தோம். பெசன்ட் ரோடு வழியாகக் கடற்கரைக்கும் நடந்தோம். விவேகானந்தர் இல்லம் தெரிந்ததும் பெரியவள் மணலுக்கு ஓடினாள், அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை.

வாடகை 19,000. மாமி ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம்தான். அதைச் சண்டையாக இல்லாமல் சொன்னோம், நாலு மாதத்தில் நின்றது. பதினொரு மாத ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிந்து பதிவு எண்ணும் வாங்கினோம். தனி கரண்ட் மீட்டர் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டில், அரசு தரும் இலவச யூனிட் உங்கள் கைக்கு வருமா என்பது ஓனர் மனசைப் பொறுத்தது.

பள்ளியில் கோட்டைவிட்டோம். எல்கேஜிக்கு ஜூலை 31ல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், அந்தக் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் வீட்டை முடிவு செய்துவிட்டுப் பள்ளிக்குப் போனால், நாங்கள் நினைத்த இடத்தில் விண்ணப்பமே டிசம்பரில் முடிந்திருந்தது. வீட்டையும் பள்ளியையும் ஒரே நேரத்தில் தேட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளி. விளையாட்டு மைதானம் கிடையாது, மொட்டை மாடியில்தான் விளையாட்டு. கைப்பிடிச் சுவர் உயரத்தைப் பார்த்த பிறகுதான் பீஸ் கட்டினேன். சின்னவனுக்கு, ரிட்டயரான ஒரு டீச்சர் வீட்டிலேயே ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். மாலை ஆறேகாலுக்கு நான் அங்கே இருக்கிறேன்.

மே மாதம் குடிவந்தோம். 26ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஐபிஎல் இறுதிப் போட்டி. பெட்டிகள்கூடப் பிரிக்கவில்லை. ராத்திரி சத்தத்தில் சின்னவன் எழுந்து அழ, பெரியவளும் சேர்ந்துகொண்டாள். மேட்ச் நாளில் வாலாஜா ரோடு பக்கம் ஆட்டோ கிடைக்காது, இப்போது மேட்ச் அட்டவணையை பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். பூங்கா விஷயத்தில் மயிலாப்பூருக்கு முன்னால் இந்த ஊர் நிற்க முடியாது. பக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று இல்லை, ஞாயிறு காலையில் ஆட்டோ பிடித்து நாகேஸ்வரராவ் பூங்காவுக்கே போகிறோம். கொசு பற்றி எழுதவே வேண்டாம்.

தள்ளுவண்டியை விற்கலாம் என்று இரண்டு தடவை விளம்பரம் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தோம். போன மாதம் கணவர் அதை வெளியே எடுத்தார். தெருமுனைக் கடையிலிருந்து 20 லிட்டர் தண்ணீர் கேன் இப்போது அதில்தான் வருகிறது. பெரியவள் தள்ளுகிறாள், வழியில் மாடு படுத்திருந்தால் நின்று, "கொஞ்சம் நகருங்க" என்கிறாள்.