ரூட் போடாம கர்ணம் கண்டுபிடிக்கிற வழி - வரைஞ்சு அளந்து பார்த்த கதை

பத்து நாளா ராத்திரி ஒரு நோட்டு, ஸ்கேல், காம்பஸ், ப்ரொட்ராக்டர் எடுத்து வச்சுக்கிட்டு முக்கோணம் போட்டுட்டு இருக்கேன். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி தப்பிச்ச கணக்கை இப்ப பொறுமையா பாக்கலாம்னு. எனக்கு நானே போட்டுக்கிட்ட கண்டிஷன் ஒண்ணுதான், விடை வந்தா அதை வரைஞ்சு ஸ்கேல் வச்சு அளக்காம டிக் போடக்கூடாது.

முதல் நாளே அசிங்கப்பட்டேன். செங்கோண முக்கோணம், கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ல இருக்கிற நீளமான பக்கம்) 10 செ.மீ, ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் என்னன்னு கணக்கு. நான் பாட்டுக்கு 100-ஐயும் 36-ஐயும் கூட்டி ரூட் எடுத்து 11.66-ன்னு எழுதிட்டேன். வரைய உட்கார்ந்தப்பதான் உறைச்சுது, செங்கோண முக்கோணத்துல கர்ணத்தை விட நீளமா ஒரு பக்கம் எப்படி வரும்? கழிச்சா 64, ரூட் 8. அளந்தேன், சரியா 8.

அப்புறம் ஃபார்வர்டுல சுத்துமே ஒரு பழைய வழி, ரூட்டே போடாம கர்ணம் எடுக்கிறது, அதைப் பிடிச்சேன். நெட்டைப் பக்கத்தை எட்டா பிரிச்சு ஒரு பங்கைத் தள்ளிடணும், மிச்சத்தோட குட்டைப் பக்கத்துல பாதியைச் சேர்த்தா கர்ணம், அவ்ளோதான். 4-ம் 3-ம் போட்டேன், 3.5 + 1.5 = 5. அட! 12-ம் 5-ம், 10.5 + 2.5 = 13. எனக்கு ஒரு மாதிரி புல்லரிச்சிடுச்சு, பிதாகரஸ் எதுக்குன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு.

15, 8 போட்டதும் இறங்கிடுச்சு. 17 வரணும், 17.125 வந்துச்சு. சரி கொஞ்சம்தானேன்னு 10, 10 போட்டா 13.75, நிஜத்துல 14.14. அப்புறம் வேணும்னே 20, 2 போட்டேன், 18.5! நெட்டைப் பக்கமே 20, அதை விடக் கர்ணம் சின்னதாம். யோசிச்சா காரணம் சிம்பிள், எட்டுல ஒரு பங்கைத் தள்ளுறோம், அதை ஈடுகட்ட குட்டையில பாதி பத்தணும், குட்டை நெட்டையில கால்வாசிக்குக் கீழ போனா பத்தாது.

அப்ப எந்தெந்த முக்கோணத்துக்குத்தான் இது அச்சா பொருந்தும்? நெட்டையை 1-ன்னும் குட்டையை க-ன்னும் வச்சு, 7/8 + க/2-வோட வர்க்கமும் 1 + க²-வும் சமம்னு போட்டுப் பார்த்தேன். சுருக்கினா 48க² − 56க + 15 = 0. விடை ரெண்டே ரெண்டு: 3/4, 5/12. அதாவது 3-4-5-ம் 5-12-13-ம், அப்புறம் 6-8-10 மாதிரி அதையே பெருக்கினதும், வேற எதுக்கும் கிடையாது! இதைக் கண்டுபிடிச்சப்ப மணி பன்னெண்டரை, எழுப்பிச் சொல்லவும் ஆள் இல்ல. ஆனா வழியைச் சும்மா திட்டவும் மனசு வரல, அந்த ரெண்டு விகிதத்துக்கும் நடுவுல விழுற முக்கோணம்னா பிசகு ஒரு சதவீதத்துக்குள்ளதான், கை வேலைக்கு தாராளம்.

செங்கோணம் இல்லாத முக்கோணத்துக்கு இந்த வாரம்தான் வந்தேன். பக்கம் 7, 9, நடுவுல கோணம் 50 டிகிரி. ரெண்டு பக்கமும் நடுக்கோணமும் தெரிஞ்சா மூணாவது பக்கம் எடுக்கிற கோசைன் விதிப்படி 49 + 81 − 126 × கோசைன் 50, அதுக்கு ரூட். கால்குலேட்டர் 2.9-ன்னு காட்டுச்சு. மூணாவது பக்கம் 2-க்கு (9 − 7) மேல 16-க்குக் (9 + 7) கீழ இருந்தா சரிதான்னு பாத்தேன், இருக்கு, டிக் போடப் போயிட்டேன். நல்லவேளை கண்டிஷன் ஞாபகம் வந்து வரைஞ்சு ஸ்கேலை வச்சா 7 செ.மீ! ப்ரொட்ராக்டரைத் தலைகீழா படிச்சுட்டேனோன்னு அழிச்சு அழிச்சு மூணு தடவ வரைஞ்சேன், பேப்பர் கிழிஞ்சதுதான் மிச்சம், மூணு தடவையும் 7. கடைசில பாத்தா கால்குலேட்டர் டிகிரில இல்ல, கோணத்தை அளக்கிற இன்னொரு அலகான ரேடியன்ல இருக்கு. அது பாட்டுக்கு 50 ரேடியனுக்குக் கோசைன் எடுத்து 0.965-ன்னு கொடுத்திருக்கு, நானும் நம்பியிருக்கேன்.

டிகிரிக்கு மாத்தினதும் 7.0006. ஏற்கனவே ஒரு பக்கம் 7, இப்ப மூணாவதும் 7, இருசமபக்கம் தற்செயலா அமைஞ்சிடுச்சுன்னு குஷி, மத்த கோணங்களை அளந்தேன், 50-ம் 80-ம். ஆனா அந்த 0.0006 குடைஞ்சுட்டே இருந்துச்சு. 7, 7, 9-ன்னு நிஜமாவே இருந்தா அந்தக் கோணத்தோட கோசைன் 9/14, அதாவது 0.64286 வரணும், 50 டிகிரிக்கு வர்றது 0.64279. மயிரிழையில இருசமபக்கம் இல்ல, என் ஸ்கேலுக்கு அது சாகுற வரைக்கும் தெரியாது.