புதன்கிழமைக் காடும் நாற்காலிப் பேருந்தும்

நோர்வேக்கு வந்து இரண்டு மாதங்கள் கழித்து, மூன்றரை வயது மகளை ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் எங்கள் குடியிருப்புக்கு அருகிலிருந்த பார்னஹாகெயில் சேர்த்தோம். பார்னஹாகெ என்றால் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஜெர்மனியில் கல்வியாளர் ஃபுரூபல் 1840ஆம் ஆண்டில் தமது பாலர் நிலையத்துக்கு இட்ட ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரின் நோர்வே வடிவம் அது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். ஆறு வயது நிறையும் ஆண்டின் ஆகஸ்டில்தான் பள்ளிக்கூடம் தொடங்கும். முதல் சில நாட்கள் பெற்றோரும் கூடவே இருந்து பிள்ளையைப் பழக்கிவிடுவது வழக்கம் என்பதால், நானும் ஒரு மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பலகை, எழுத்து அட்டை, கொப்பி எதுவும் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் விளையாடினார்கள், சாப்பிட்டார்கள், பிறகு மழையில் வெளியே போய்ச் சேற்றில் புரண்டார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைகள் தள்ளுவண்டிகளுக்குள் கம்பளி உறையில் பொதிந்தபடி, குளிர்காற்றில், வெளியிலேயே தூங்கினார்கள். பிள்ளைகளை இவர்கள் கவனிப்பதே இல்லையோ என்ற கலக்கத்துடன்தான் அன்று வீடு திரும்பினேன்.

அந்தக் கலக்கம் முதலில் கரையத் தொடங்கியது உடை மாற்றும் அறையில்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு கொக்கியும் அதன் மேல் ஒரு படமும் உண்டு. என் மகளுக்கு முள்ளெலி. வெளியே போகும் நேரம் வந்ததும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக இருக்கும் தடித்த உடையை அவள் தரையில் விரித்து, அதன் மேல் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள். என் கை தானாகவே உதவிக்கு நீண்டது. அருகில் தரையில் அமர்ந்திருந்த ஆசிரியை என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், கையை இழுத்துக்கொண்டேன். மகள் அவசரத்தில் கையுறைகளை முதலில் மாட்டிவிட்டாள். அதனால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. "இப்போது என்ன செய்யலாம்?" என்று மட்டும் ஆசிரியை கேட்டார். அவள் சிறிது நேரம் யோசித்து, ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, மறுபடி கையுறையை மாட்டினாள். கிட்டத்தட்ட பத்து நிமிடங்கள் ஆயின. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால்தான் இப்படி ஒருவர் தரையில் அமர்ந்து காத்திருக்க முடிகிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். உதவாமல் இருப்பதும் ஒரு வேலை, அதற்கும் ஆள் வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

எங்கள் வாரம் விரைவிலேயே அந்த இடத்தின் வாரமாக மாறியது. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து பாடி, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணுவார்கள். செவ்வாயும் வியாழனும் சிறு குழுக்களாகப் பிரிந்து ஏதாவது செய்வார்கள். புதன்கிழமை காடு. ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்து, இருவர் இருவராகக் கைகோத்து, லில்லோமார்க்கா காட்டின் ஓரத்துக்கு நடந்து போவார்கள். முதல் புதன்கிழமை நான் அவளுக்கு உள்ளே பருத்தி உடுப்பு அணிவித்து அனுப்பியிருந்தேன். அது நனைந்து உடலோடு ஒட்டி, உதடு நீலமாக அவள் திரும்பி வந்தாள். ஈரமான பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளியோ ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும் என்று அவர்கள் விளக்கியபோது ஒரு சொல்கூடக் குற்றஞ்சாட்டவில்லை. அன்று மாலையே கம்பளி உள்ளுடுப்பு வாங்கினோம். அதன்பிறகு வந்த புதன்களில் அவள் சட்டைப்பை நிறையக் கற்களும் கூம்புக் காய்களும் கொண்டுவந்து, அளவு வாரியாகத் தரையில் வரிசைப்படுத்தத் தொடங்கினாள். ஐந்து வயதுக்காரர்கள் ஒரு பெரியவரின் அருகில் அமர்ந்து கத்தியால் குச்சி சீவுவதைப் பற்றி அவள் சொல்லும்போது என் வயிறு இன்னும் கலங்கத்தான் செய்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அம்மம்மா கேட்பா: "பிள்ளை ஆனா ஆவன்னா எழுதத் தொடங்கிட்டாளோ?" அந்தக் கேள்வியை நவம்பரில் நடந்த பெற்றோர் சந்திப்பில் நான் ஆசிரியையிடம் கேட்டேன். 2017இல் நடைமுறைக்கு வந்த, பார்னஹாகெகளுக்கான தேசியச் சட்டகத் திட்டத்தில் ஏழு கற்றல் துறைகள் இருப்பதாகவும், அவற்றுள் எண்ணிக்கை, இடம், வடிவம் என்பது ஒன்று என்றும் சொல்லிவிட்டு, அவர் தமது குறிப்பேட்டைத் திறந்தார். என் மகள் எட்டு நாற்காலிகளை நடுவில் வழிவிட்டு இரண்டு வரிசையாக அடுக்கிப் பேருந்து நடத்துகிறாள். ஒருவருக்கு ஒரு பயணச் சீட்டு. ஒரு சிறுவன் தன் கரடிப் பொம்மைக்கும் இருக்கை கேட்டபோது, அப்படியானால் இரண்டு சீட்டு வேண்டும் என்று விரல் காட்டி நின்றிருக்கிறாள். அவன் மறுக்க, கடைசியில் கரடி மடியில் ஏறியிருக்கிறது. எண்ணுதல், பங்கிடுதல், முறை பார்த்தல், சண்டையை முடித்துவைத்தல் எல்லாம் ஒரே விளையாட்டுக்குள் இருப்பதைத் தேதியிட்டு எழுதிவைத்திருந்தார். நான் கவனிப்பின்மை என்று எண்ணியிருந்த அந்த நாட்களெல்லாம் இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கப்பட்டிருந்தன என்பதை அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அன்று அவர் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டார். மகளுக்கு உதவும் என்று நம்பி, எனக்கே சரியாக வராத நோர்வேஜிய மொழியில் வீட்டில் அவளோடு பேசத் தொடங்கியிருந்தேன். அதை விட்டுவிட்டுத் தமிழிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்றார். தண்ணீர், வா, வலிக்கிறதா, அம்மா வருவா என்ற நான்கையும் நோர்வே எழுத்துகளில் எழுதித் தரச் சொல்லி, முள்ளெலிப் படத்தின் கீழே ஒட்டிவைத்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்ததால் சற்று முன்னதாகவே போனேன். நாற்காலிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. கரடிப் பொம்மைச் சிறுவன் என்னைக் கண்டதும் ஒரு காலியிருக்கையைத் தட்டிக் காட்டி, "இருங்கோ" என்றான். வீட்டுக்கு வருபவர்களிடம் நான் சொல்வதைக் கேட்டு மகள் கொண்டுபோன சொல். அந்தக் குழுவில் எல்லோருக்கும் அது பேருந்துச் சொல்லாகிவிட்டதாம். முழங்கால் நெஞ்சைத் தொட நான் அமர்ந்ததும், மகள் கிறுக்கிய சீட்டொன்றை நீட்டி எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். லில்லோமார்க்காவுக்கு என்றேன்.

"அது புதன்கிழமை பஸ், அம்மா. இது வீட்டுக்குப் போற பஸ்" என்றாள்.