சாமியா நோயா என்று கேட்பதற்கு முன்

கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மேளம் உச்சத்துக்குப் போகும்போது சாமி வரும், குறி சொல்லும், திருநீறு பூசியதும் மலையேறிவிடும், மறுநாள் காலையில் அதே ஆள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதற்கென்று நேரமும் இடமும் உண்டு, தாங்கிப் பிடிக்க ஊரே சுற்றி நிற்கும். அதனால் சாமி வருவதெல்லாம் மனநோய்தான் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் ராத்திரியெல்லாம் தூங்காமல், சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து, கேட்கிற குரலோடு தனியாகப் போராடுகிற பிள்ளையை "சாமிக் குத்தம்" என்று மாதக்கணக்கில் கோயில் கோயிலாக அலைக்கழிப்பதைப் பார்த்தால் அதைவிடக் கோபம் வருகிறது.

நோயிலும் குரல்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் பேசுவதில்லை. மானுடவியலாளர் டான்யா லூர்மனும் அவர் குழுவும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ மூன்றிலும் தீவிர மனநோய் உள்ளவர்களிடம், ஊருக்கு 20 பேர் என்று பேசினார்கள். அமெரிக்கர்களில் பலருக்கு வன்முறையும் வெறுப்பும் கேட்டன, அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சமை, சாப்பிடு என்று வீட்டுப் பெரியவர்கள் மாதிரி அதட்டல், புத்திமதி. இதைப் படித்ததும் என் மனதில் என்னவோ செய்தது. நோய்க்குள்ளும் குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மனநோய் உள்ளவர்களைக் குணமாக்க தர்காவுக்கு அழைத்து வருகிற ஊரான ஏர்வாடியை மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே அவர்களைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது. நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று சொன்னால் பல குடும்பங்கள் மருத்துவர் பக்கமே வராது.

உங்கள் வீட்டில் யாருக்காவது குரல் கேட்கிறது என்றால், சாமியா நோயா என்று வாதாட வேண்டாம். தூக்கம் எப்படி, சாப்பிடுகிறார்களா, பயமாக இருக்கிறதா, அந்தக் குரல் என்ன செய்யச் சொல்கிறது, இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தன்னையோ அடுத்தவரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால் கொடை முடியட்டும், அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.