கல்வெட்டுகளுக்கு ஒரு போல்டர்

இரண்டு மாதமாக இரவில் ஒரே வேலை: போனிலும் பழைய லப்டொப்பிலும் வட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடந்த எங்கள் குடும்பத்துக் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது.

முதலில் ஆளுக்கொரு போல்டர் போட்டேன். சரிவரவில்லை. சித்தியின் கலியாணப் படத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள், அதை யாருடைய போல்டரில் வைப்பது? அப்புறம் வகைப்படி பிரித்தேன்: காணி உறுதிகள், சான்றிதழ்களும் சாதகங்களும், படங்கள், குரல்கள், கல்வெட்டுகள். ஆட்களின் பெயர் கோப்பின் பெயரிலேயே வரும். திகதியை 1987-04-12 என்று ஆண்டு முன்னால் வர எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும்.

கல்வெட்டுகள்தான் பெரிய புதையல். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும், கல்வெட்டு எனப்படும் அந்தச் சிறு புத்தகங்களில் வம்சாவளியும் இருக்கும். அம்மப்பாவின் தகப்பனாருடைய பெயரையே ஒரு கல்வெட்டில்தான் கண்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்வில் எல்லோரையும் போல வீட்டைவிட்டு நடந்தபோது அம்மா எடுத்தது உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் மட்டும். அல்பங்கள் அலுமாரியில் இருந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அதனால்தான் இப்போது ஒரு பிரதி வீட்டில், ஒன்று கனடாவில் அண்ணாவிடம், ஒன்று இணையச் சேமிப்பில்.

சொந்தங்களே, அந்த இடப்பெயர்வுக்கு முந்திய எங்கள் வீட்டுப் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ. பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.