இதுங்க

மதுரையில் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், மேடைப் பேச்சுகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை என்னிடம்தான் வரும். எஃப்ஐஆரில் பேச்சு தமிழில் இருக்கும். வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவோடு, உயர் நீதிமன்றக் கிளைக்கு அதன் மொழிபெயர்ப்பையும் டைப் செட்டில், அதாவது மனுவோடு கொடுக்கும் ஆவணத் தொகுப்பில், வைக்க வேண்டும். பெரும்பாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு வழக்குகள்; மதம், சாதி போன்றவற்றின் பேரில் சமூகங்களுக்கு இடையே பகையைத் தூண்டியதாகப் போடுவது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 196.

ஒரு பேச்சில், எங்களிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் வேறொரு மதத்தினரைப் பற்றிச் சொல்லியிருந்தார்: "இதுங்க இப்ப நம்ம தெருவுலயே வீடு வாங்குது." நான் 'அவர்கள் நம் தெருவில் வீடு வாங்குகிறார்கள்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினேன். படித்தால் ஏதோ வீட்டு புரோக்கர் சொன்ன தகவல் போல இருந்தது.

சீனியர் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, நம்ம ஆளுக்கு இது வசதிதான். ஆனா கோர்ட்டை ஏமாத்துற மாதிரி ஆயிடும்" என்றார். பேசியவர் அஃறிணையில் சொல்லியிருக்கிறார் என்று கீழே ஒரு குறிப்பு சேர்த்தோம்.

கட்சிக்காரருக்குக் கோபம். "எங்க ஊர்ல அப்படித்தான் சார் பேசுவோம்" என்றார். அதில் பாதி உண்மை. எங்கள் வீட்டிலும் "அக்கா வந்துச்சு" என்றுதான் சொல்வோம். அதில் பாசம்தான் இருக்கிறது. விகுதியை மட்டும் வைத்து ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, கூடாது. யார், யாரை, எந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொன்னார் என்று பார்க்கத்தான் வேண்டும். ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிய 1989 தீர்ப்பில், பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த நெருக்கத்தை அளக்கிற நீதிபதிக்குத் தமிழ் தெரியாமல் இருந்தால், என் ஆங்கிலத்தை மட்டும்தானே பார்ப்பார்? இது புரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த வேலை பயமாகவே இருந்தது.

அப்புறம் ஒரு பையனின் வழக்குக் கட்டு வந்தது. ஒரு மந்திரியைக் காட்டமாகத் திட்டியிருந்தான். எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. அதற்கும் அதே 153ஏ. இரண்டு பிரிவினராவது சம்பந்தப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை மனுவோடு இணைத்தோம். அவனுடைய வசவுகளையும் நான் மெருகேற்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் அதே சூட்டோடு பெயர்த்துக் கொடுத்தேன்.