எண்டோமெட்ரியம் பிளானிங் கேள்விக்கு எப்படித் தயாராவது

எம்.டி. கதிர்வீச்சுப் புற்றுநோயியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தபின் கதிர்வீச்சு கொடுக்கும்போது மற்ற உறுப்புகளை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் ஒரு டோஸ் வரம்பு அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நானும் அந்த அட்டவணையைப் படித்தேன், ஆனால் பதிலின் கடைசியில்தான் அதற்கு இடம் கொடுத்தேன். அட்டவணையை ஒப்பித்தால் தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எதற்கு முன் எதை யோசிக்கிறீர்கள் என்பதைக் காட்டினால்தான் பேச்சு உங்கள் பக்கம் நிற்கும்.

முதலில் கேட்க வேண்டியது, இந்த நோயாளிக்கு இடுப்புப் பகுதி முழுவதும் கதிர்வீச்சு தேவையா என்பது. இதை விட்டுவிட்டு ஐ.எம்.ஆர்.டி.யில் (கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி டோஸை இலக்கின் வடிவத்துக்கு வளைக்கும் முறை) குதித்தால் பதில் பாதியில் தொடங்கிய மாதிரி ஆகிவிடும். நெதர்லாந்தில் 2002 முதல் 2006 வரை 427 பெண்களைச் சேர்த்து நடந்த போர்டெக்-2 ஆய்வை இங்கே சொல்லுங்கள். ஒரு பிரிவுக்கு 23 ஃபிராக்ஷனில் (தவணையில்) 46 கிரே (கதிர் டோஸின் அலகு) வெளிக்கதிர்வீச்சு, இன்னொரு பிரிவுக்கு யோனிக்குள் பிராக்கிதெரபி (கதிர் மூலத்தை உள்ளேயே வைத்துக் கொடுப்பது) மட்டும், எச்.டி.ஆர். (உயர் டோஸ் வேகம்) முறையில் 7 கிரே வீதம் மூன்று முறை. ஐந்து ஆண்டு முடிவில் யோனியில் நோய் திரும்பியது இரண்டு பிரிவிலும் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சிகிச்சைக் காலத்தில் லேசானது முதல் மிதமானது வரையிலான குடல் தொல்லை வெளிக்கதிர்வீச்சில் 53.8 சதவீதம், பிராக்கிதெரபியில் 12.6 சதவீதம். எந்தக் கம்ப்யூட்டர் பிளானாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தர முடியாது. குடலைக் காப்பாற்றும் முதல் உத்தி, தேவையில்லாதபோது அதைக் கதிருக்குள் கொண்டுவராமல் இருப்பதுதான். போல் (POLE) எனும் மரபணுவில் மாற்றம் உள்ள ஆரம்ப நிலைக் கட்டிகளுக்குச் சிகிச்சையே இல்லாமல் கண்காணிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

பிராக்கிதெரபி வந்துவிட்டால், கதிர் மூலத்தை ஏந்தி யோனிக்குள் வைக்கும் சிலிண்டரின் விட்டம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நோயாளிக்கு வலிக்காமல் பொருந்தக்கூடிய மிகப் பெரிய சிலிண்டரைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்வது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்றால்தான் தடுமாறுவார்கள். தாளில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். டோஸ் 5 மி.மீ. ஆழத்துக்கு எழுதப்படுகிறது. விட்டம் 2 செ.மீ. என்றால் மேற்பரப்பு கதிர் மூலத்திலிருந்து 1 செ.மீ., எழுதிய புள்ளி 1.5 செ.மீ. தூரத்தின் இருமடி விதிப்படி மேற்பரப்பில் 2.25 மடங்கு டோஸ். விட்டம் 3 செ.மீ. என்றால் அதே கணக்கில் 1.78 மடங்கு. உண்மையில் கதிர் மூலமான இரிடியம் பல இடங்களில் நின்று நின்று போவதால் விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பது மாறாது. பெரிய சிலிண்டரில் யோனிச் சவ்வு தப்பிக்கிறது, சவ்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்று இடைவெளியும் குறைகிறது. இந்தக் கணக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு நன்றாகக் கைகொடுத்தது.

சரி, இடுப்புப் பகுதிக்கு வெளிக்கதிர்வீச்சு தேவை என்று வைத்துக்கொள்வோம். இங்கே சிறுகுடல்தான் பெரிய பிரச்சினை. கருப்பையை எடுத்த இடம் காலியாக இருக்காது, குடல் அங்கே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆபரேஷனால் ஒட்டிக்கொண்ட குடல் வளையம் அசையாது. தினமும் அதே துண்டுதான் டோஸ் வாங்கும். இந்த உடற்கூறைச் சொன்ன பிறகு மற்ற உத்திகள் எல்லாம் தானாக வந்து சேரும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்படும். மலக்குடலில் வாயு இருந்தால் யோனி மேல்முனை முன்னால் நகரும். எனவே சிமுலேஷனில் (பிளானுக்கான சி.டி. எடுக்கும்போது) மலக்குடல் உப்பியிருந்தால் அந்த சி.டி.யை ஏற்காமல் மறுபடி எடுக்க வேண்டும்.

சிறுநீர்ப்பையை "முட்ட நிரப்ப வேண்டும்" என்று எழுதாதீர்கள். தினமும் ஒரே மாதிரி நிரம்புவதுதான் முக்கியம். இந்த நோய் வருபவர்களில் பலர் வயதானவர்கள், உடல் பருமன், சர்க்கரை உள்ளவர்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் நீர்க்கடுப்பு வந்தபிறகு அரை மணி நேரம் அடக்கிவைக்கச் சொன்னால் அவர்களால் முடியாது. அதனால்தான் நிறைந்த நிலையில் ஒன்று, காலி நிலையில் ஒன்று என்று இரண்டு சி.டி. எடுத்து, யோனி மேல்முனை எங்கெல்லாம் போகக்கூடும் என்பதைச் சேர்த்து ஐ.டி.வி. (அசைவையும் உள்ளடக்கிய இலக்குப் பகுதி) வரைகிறோம். பருமனானவர்களுக்குத் தோலில் போட்ட குறி நகர்ந்துவிடும் என்பதால் தினசரி இமேஜிங் அவசியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கான்டூர், அதாவது சி.டி.யில் எல்லை வரைவது பற்றி ஒரே ஒரு விஷயம். நிணநீர்க் கணுக்களுக்கு ரத்தக் குழாயைச் சுற்றி 7 மி.மீ. வரைந்துவிட்டு, குடல், தசை, எலும்பு ஆகியவற்றை வெட்டிவிட வேண்டும். பிரீசேக்ரல் பகுதியை (திருவெலும்புக்கு முன்னால் உள்ளது) எல்லாருக்கும் சேர்க்காதீர்கள்; கருப்பை வாயில் நோய் பரவியிருந்தால் சேர்க்க வேண்டும். அங்கே தேவையில்லாமல் வரைந்தால் மலக்குடல்தான் விலை கொடுக்கும்.

இப்போதுதான் ஐ.எம்.ஆர்.டி.யும் விமேட்டும் (மெஷின் சுற்றிக்கொண்டே கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி.) வரவேண்டும். இரண்டு பக்கமும் கணுக்கள், கீழே யோனி மேல்முனை, நடுவில் குடல். நான்கு திசையிலிருந்து கதிர் விடும் நான்கு ஃபீல்டு பாக்ஸில் நடுவில் உள்ள குடலுக்கும் முழு டோஸ். ஐ.எம்.ஆர்.டி. அந்தக் குழிவான வடிவத்தைப் பின்பற்றி நடுப்பகுதியை விட்டுவைக்கும். ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து இரண்டு முறையிலும் ஐசோடோஸ் கோட்டைக் (ஒரே டோஸ் வாங்கும் இடங்களை இணைக்கும் கோடு) காட்டினால் ஒரு பக்கம் எழுதுவது மிச்சம். ஆதாரத்துக்கு என்.ஆர்.ஜி./ஆர்.டி.ஓ.ஜி. 1203 ஆய்வு போதும்: ஐந்தாம் வாரத்தில் நோயாளிகளே சொன்ன குடல் மதிப்பெண்ணின் சரிவு நான்கு ஃபீல்டில் 23.6 புள்ளி, ஐ.எம்.ஆர்.டி.யில் 18.6. நம் நாட்டு ஆய்வு வேண்டுமென்றால் டாடா நினைவு மையத்தின் பார்சர்: குடலில் தாமதமாக வரும் கிரேடு 2-உம் அதற்கு மேற்பட்டதுமான பாதிப்பு மூன்று ஆண்டில் 42.4 சதவீதத்திலிருந்து 21.1-க்கு இறங்கியது. ஆனால் பார்சர் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஆபரேஷனுக்குப் பிறகு செய்யப்பட்டது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்; தேர்வாளர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

விமேட்டைப் புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. அது உயர் டோஸை ஒடுக்கும், ஆனால் குறைந்த டோஸைத் தூறல் மாதிரி இடுப்பெங்கும் தெளித்துவிடும். போர்டெக்-3 முறையில் கீமோவும் சேர்த்துக் கொடுக்கிற நோயாளிக்கு எலும்பு மஜ்ஜை முக்கியம்; அங்கே 10 கிரே, 20 கிரே வாங்கும் கன அளவைப் பார்க்க வேண்டும்.

வரம்புகளில் பெரும்பாலோர் குழம்பும் இடம் சிறுகுடல். 45 கிரே வாங்குவது 195 சி.சி.க்குள் என்பது குடல் இருக்கும் வயிற்றறை முழுவதையும் ஒரே பையாக வரைந்தால் பொருந்துவது. 15 கிரே வாங்குவது 120 சி.சி.க்குள் என்பது குடல் வளையங்களைத் தனித்தனியாக வரைந்தால் பொருந்துவது. மாற்றிச் சொன்னால் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். 40 கிரே வாங்குவது குடலில் 30 சதவீதத்துக்குள் என்பது போன்ற சதவீத வரம்பில் இன்னொரு சிக்கல்: குடலை மேலே எவ்வளவு தூரம் வரைகிறீர்களோ அந்த அளவுக்குச் சதவீதம் தானாகக் குறையும். எனவே பி.டி.வி.க்கு (ஓரம் விட்டு வரைந்த இறுதி இலக்குப் பகுதி) மேல் எத்தனை செ.மீ. வரை வரைந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படிக்கும் முறை என்று கேட்டால், புத்தகத்தைவிடப் பிளானிங் அறையில் பிசிசிஸ்ட் (கதிர்வீச்சு இயற்பியலாளர்) பக்கத்தில் உட்காருவதைத்தான் சொல்வேன். பழைய சி.டி. ஒன்றை எடுத்து, அதே நோயாளிக்கு ஒரு பாக்ஸ் பிளானும் ஒரு விமேட் பிளானும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை குறைவான மதியங்களில் கேட்டால் அவர்கள் மறுப்பதில்லை. இரண்டு டி.வி.எச்.களையும் (உறுப்பின் எவ்வளவு பகுதி எவ்வளவு டோஸ் வாங்குகிறது என்ற வரைபடம்) ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஸ்லைஸாகப் போங்கள். ஹாட் ஸ்பாட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை டி.வி.எச். சொல்லாது, மலக்குடலின் முன்சுவரில் உட்கார்ந்திருந்தால் வரைபடம் அழகாக இருந்தும் பிளானை ஏற்க முடியாது. வைவாவில் பிளான் படத்தைக் காட்டினால் இந்த வரிசையில் பேசுங்கள்: முதலில் டார்கெட் கவரேஜ், பிறகு ஸ்லைஸ், கடைசியில் டி.வி.எச். சிறுநீர்ப்பை வரம்பு தாண்டுகிறதே என்று பி.டி.வி.யை வெட்டுவீர்களா என்று சீண்டிப் பார்ப்பார்கள். வெட்டக்கூடாது. யோனி மேல்முனைதான் நோய் திரும்பும் இடம்.

கணக்கு ஒன்றையும் கையோடு பழகிக்கொள்ளுங்கள். வெளிக்கதிர்வீச்சுக்குப் பிறகு சிலிண்டர் பூஸ்ட் (கூடுதல் டோஸ்) கொடுத்தால் மலக்குடலின் மொத்த டோஸ் எவ்வளவு என்று கேட்கலாம். 25 ஃபிராக்ஷனில் 45 கிரே, ஆல்ஃபா பீட்டா (தவணை அளவு மாறும்போது திசு எப்படி எதிர்வினை காட்டும் என்பதைக் குறிக்கும் விகிதம்) 3 என்றால் 2 கிரே சமான டோஸ் 43.2. பூஸ்டில் மலக்குடலின் 2 சி.சி. வாங்கும் டோஸையும் இதே முறையில் மாற்றிக் கூட்டுங்கள். இரண்டு சிகிச்சையிலும் அதே 2 சி.சி.தான் அதிக டோஸ் வாங்கியது என்ற மோசமான ஊகத்தில் கூட்டுகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.